கரடி வயிறும் கறையான் கத்தரியும்

ஒரு காட்டில் கொஞ்ச காலமாக யாருக்கும் வயிறு சரியில்லை.

அந்தக் காட்டை நடுவாகப் பிளந்துகொண்டு ஒரு மலைப்பாதை போயிற்று. பாதையோரம் வண்டிகள் நிற்கும். இறங்குகிறவர்கள் குரங்குக்கு பிஸ்கட் போடுவார்கள், மானுக்கு பன் போடுவார்கள். எதற்கும் போடத் தோன்றாதவர்கள் மிச்சப் பரோட்டாவைப் பொட்டலத்தோடு பள்ளத்தில் எறிந்துவிட்டுப் போவார்கள். முதலில் குரங்குகள் மட்டும்தான் தின்றன. அப்புறம் பன்றிகள் வந்தன. காய்ந்த புல்லைக் கடிப்பதைவிட இது மெத்தென்று இருக்கிறதே என்று பிறகு மான்களும் வந்தன. இரண்டு மழைக்காலம் முடிவதற்குள் புல்லும் தழையும் கிழங்கும் கேட்பாரற்றுக் கிடந்தன. விலங்குகள் எல்லாம் புதர் புதராகப் போய் உட்கார்ந்துகொண்டன. புதருக்கு வெளியே வரிசை நின்றது. உள்ளே இருப்பவர் வெளியே வரவில்லை. வெளியே நிற்பவர் அவசரப்படுத்தவும் இல்லை, ஏனென்றால் தன் முறை வந்தாலும் ஒன்றும் நடக்கப் போவதில்லை என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

அந்தக் காட்டில் சடையாண்டி என்று ஒரு கரடி இருந்தது. அதற்கு வயிறு அசைந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. பத்தாம் நாள் காலையில் அது எங்கே போகிறோம் என்றே தெரியாமல் நடந்து, பழக்கத்தில் ஒரு கறையான் புற்றின் முன் வந்து நின்றது. கரடிக்குக் கறையான் என்றால் உயிர். புற்றை நகத்தால் உடைத்து, மூக்கை நுழைத்து, ஒரே உறிஞ்சில் ஐந்நூறு பேரை இழுத்துவிடும். அன்றைக்கு அது உடைக்கவில்லை. புற்றில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

உள்ளே இருந்த நாற்பது லட்சம் கறையான்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தன. ஒன்றும் நடக்கவில்லை. தோண்டுகிற கரடியைவிடச் சும்மா சாய்ந்திருக்கிற கரடி அவற்றுக்கு அதிகக் கவலையைக் கொடுத்தது. கடைசியில் பொன்மாரி என்ற கறையான் ஒரு துவாரத்தின் வழியாகத் தலையை நீட்டியது. புற்றின் அடித்தளத்தில் கறையான்கள் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டத்துக்கு அதுதான் பொறுப்பாளி.

"என்ன கரடியாரே, தோண்டலையா?" என்று கேட்டது பொன்மாரி.

"தோண்டி என்ன செய்ய? உள்ளே இடமில்லை."

"எத்தனை நாளாச்சு?"

"ஒன்பது."

"என்ன சாப்பிட்டீங்க?"

கரடி யோசித்தது. "பரோட்டா. பன். உப்பு போட்ட உருளைக்கிழங்கு சிப்ஸ். ஒரு நாள் யாரோ கேக்கை அப்படியே விட்டுட்டுப் போயிட்டாங்க. மேலே பேர் எழுதியிருந்தது. பேரோட சாப்பிட்டேன்."

"இலந்தை, கிழங்கு, அத்திப்பழம்?"

"அதெல்லாம் மெல்லணுமே."

பொன்மாரி பெருமூச்சு விட்டது. "உங்க வயித்துல நீங்க மட்டும் இல்லை, தெரியுமா? பெருங்குடல்ல கோடிக்கணக்குல சின்னச் சின்ன உயிர்கள் குடியிருக்கு. உங்களுக்குச் செரிக்காம மிஞ்சுற நார்தான் அதுகளுக்குச் சோறு. நீங்க மைதாவா உள்ளே தள்ளுனா மேல்வயிறே எல்லாத்தையும் உறிஞ்சிக்கிடும். கீழே ஒண்ணும் போறதில்லை. ரெண்டு வருஷமா அதுக பட்டினி. பட்டினி கிடக்கிறவங்ககிட்ட வேலையை எதிர்பார்த்தா எப்படி?"

"என்கிட்ட யாரும் சொல்லலையே."

"ஒன்பது நாளா அதைத்தானே சொல்லிட்டு இருக்காங்க."

கரடி தன் வயிற்றைக் குனிந்து பார்த்தது. "அப்ப நாரைத் தின்னா சரியாயிடுமா?"

"இப்ப இருக்கிற நிலைமையில கட்டை மாதிரி நாரைத் தின்னா அது வேற போய் அடைச்சுக்கும். வெட்டித் தரணும். எங்க தோட்டத்துப் பூஞ்சையில ஒரு சாறு ஊறுது. நொதின்னு சொல்லுவோம். கத்தரி மாதிரின்னு வச்சுக்குங்க. நார்ங்கறது சர்க்கரை மணியை வரிசையாக் கோத்த நீளச் சங்கிலி. கத்தரி அதை வெட்டும். ஒவ்வொரு மணியா வெட்டி முடிச்சுட்டா அது வெறும் சர்க்கரை. உங்க மேல்வயிறே எடுத்துக்கிடும். ரெண்டு மணி, மூணு மணி, நாலு மணின்னு துண்டு துண்டா இருக்கும்போதே நிறுத்திட்டா மேல்வயித்துக்கு அதைத் தொடத் தெரியாது. நேரா கீழே போகும். கீழே இருக்கிற நல்லவங்களுக்கு அது விருந்து."

"நிறுத்தறதுதான் கஷ்டமா?"

"வெட்ட யாருக்கு வேணா தெரியும். நிறுத்தத்தான் தொழில் தெரியணும்."

ஒப்பந்தம் அங்கேயே முடிவாயிற்று. நாரைக் கரடி கொண்டுவர வேண்டும். குணமாகும் வரை புற்றைத் தொடக் கூடாது. சத்தியம் செய்வீர்களா என்று பொன்மாரி கேட்டது.

"இந்த நிலைமையில சத்தியம் செய்யறது ரொம்ப சுலபம்" என்றது சடையாண்டி. உண்மையைத்தான் சொன்னது.

காட்டுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் மக்காச்சோளத்தை உதிர்த்துவிட்டு வெறும் தக்கைகளை மலைபோல் குவித்திருந்தார்கள். அதைத் தேடி யாரும் வருவதில்லை. கரடி இரண்டு கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தது. பொன்மாரி சொன்னபடி கல்லால் நசுக்கிப் பொடித்தது. போன கோடையில் தீப்பிடித்த மூங்கில் புதரிலிருந்து சாம்பல் எடுத்து, பாறைக் குழியில் தண்ணீரோடு கலந்து, நார் இளகட்டும் என்று தக்கைப் பொடியை ஒரு நாள் ஊறவைத்தது. ஊறியதை ஓடையில் வழுவழுப்புப் போகும்வரை அலசியது. மறுநாள் விடிந்ததும் வேலைக்காரக் கறையான்கள் ஆளுக்கு ஒரு துளி நொதியை வாயில் ஏந்தி வரிசையாக வந்து குழியில் விட்டுவிட்டுப் போயின.

"இது கதகதன்னு இருக்கணும். ஆறிடக் கூடாது" என்றது பொன்மாரி.

கரடி குழியைச் சுற்றிப் படுத்து அணைத்துக்கொண்டது. அடைகாக்கிற கோழி மாதிரி இருக்கிறதே என்று மேலே போன மைனா ஒன்று சொன்னது. பொன்மாரி குழியின் விளிம்பில் நின்று அவ்வப்போது ருசி பார்த்தது. இன்னும் இல்லை என்றது. இன்னும் இல்லை என்றது. சூரியன் உச்சிக்கு வந்த நேரத்தில் ஒரு சொட்டைத் தொட்டு நாக்கில் வைத்தது.

"இப்ப. ஊத்துங்க."

கரடி குழிநீரைக் கையால் அள்ளிக் கொதிக்கிற கரும்பாறைமேல் ஊற்றியது. அந்தச் சூட்டில் கத்தரிகள் செத்தன. நீர் வற்றி, பழுப்பாக ஒரு பொடி பாறையில் ஒட்டியிருந்தது. நக்கிப் பார்த்தால் தித்திக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு ஒரு தித்திப்பு.

கரடி அதை நக்கித் தின்றது. முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் வயிறு பேச ஆரம்பித்தது. கரடி உட்கார்ந்த மரத்திலிருந்து பறவைகள் வேறு மரத்துக்குப் போயின. "உள்ளே விருந்து ஆரம்பிச்சாச்சு, சத்தம் இருக்கத்தான் செய்யும்" என்று பொன்மாரி தைரியம் சொன்னது. ஐந்தாம் நாள் காலையில் சடையாண்டி ஒரு புதருக்குள் போயிற்று. வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. வந்ததும் ஓடைக்கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தது, மரங்களைப் பார்த்தது, ஒரு தும்பி பறப்பதைக்கூட நின்று பார்த்தது. இத்தனை நாள் இந்தக் காடு இங்கேதான் இருந்ததா என்று அதற்கு ஆச்சரியமாக இருந்தது.

ஏழாம் நாள் அது புற்றுக்கு வந்தது. கொஞ்சம் தள்ளியே நின்றது.

"பொன்மாரி, எனக்குப் பசிக்குது."

"கிழங்கு தோண்டுங்களேன்."

"இது கிழங்குப் பசி இல்லை."

பொன்மாரிக்குப் புரிந்தது. ஆனால் உள்ளே ஓடிச் சொல்ல நேரம் இருக்கவில்லை. கரடி மேற்குச் சுவரை ஒரே இழுப்பில் பெயர்த்தது. மூக்கை நுழைத்தது. தின்றுகொண்டே மன்னிப்பும் கேட்டது. குணமாகும் வரை என்றுதானே பேச்சு, இப்போது குணமாகிவிட்டதே என்று நியாயமும் சொன்னது. அன்றைக்கு மூவாயிரம் பேர் போனார்கள். பொன்மாரியோடு ஒரே பாத்தியில் பூஞ்சைக்கு எரு போட்டுவந்த இரண்டு பேரும் அதில் இருந்தார்கள். கரடி ஏப்பம் விட்டுவிட்டுப் போன பிறகு பொன்மாரி உடைந்த சுவரில் வெயில் விழுவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மண்ணை எடுத்துவந்து சுவரை அடைக்க ஆரம்பித்தது.

சடையாண்டி நல்ல வயிற்றோடு மறுபடியும் மலைப்பாதைக்குப் போயிற்று. பன் தின்றது. பரோட்டா தின்றது. இரண்டு வாரத்தில் பழையபடி புற்றின் முன் வந்து நின்றது. பொன்மாரியின் முகத்தைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு, "எட்டு நாள் ஆச்சு" என்றது.

விரட்டிவிடு என்று புற்றில் எல்லாரும் சொன்னார்கள். பொன்மாரி வேறு மாதிரி யோசித்தது. விரட்டினால் ஆத்திரத்தில் புற்றைக் காலால் மிதித்தே நிரவிவிடும். குணப்படுத்தினால் ஏழாம் நாள் பசியோடு வந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது இருக்க வேண்டும்.

"தக்கை கொண்டுவாங்க" என்றது கரடியிடம்.

இந்த முறை பொடியைப் பாதி அளவுதான் கொடுத்தது. கரடிக்கு மூன்று நாளைக்கு ஒரு தரம் வயிறு அசைந்தது. பசியும் பாதிதான் எடுத்தது. பாதிப் பசிக்கு இலந்தையும் நாலு கிழங்குமே போதுமானதாக இருந்தது. புற்றை உடைக்கிற அளவுக்கு உடம்பில் உற்சாகம் இல்லை.

"முன்னே மாதிரி சுத்தமா இல்லையே" என்று ஒரு நாள் கரடி கேட்டது.

"வயசாகுதுல்ல" என்றது பொன்மாரி.

கரடி அதை நம்பியது. தினமும் தக்கை சுமந்து வந்தது.

செய்தி பரவியது. மான்கள் வந்தன, பன்றிகள் வந்தன, முள்ளம்பன்றி ஒன்று வந்து வரிசையில் நின்றதால் அதற்குப் பின்னால் எப்போதும் பெரிய இடைவெளி இருந்தது. ஆளுக்கு ஒரு இலையைக் கிள்ளி டோக்கன் கொடுப்பது சடையாண்டியின் வேலை ஆயிற்று. இப்படி ஒரு மாதம் போனபோது காட்டின் அனுமதி அலுவலகத்திலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது.

அந்த அலுவலகம் ஒரு பெரிய பாறையின் அடியில் இருந்தது. அதன் அதிகாரி தணிகாசலம் என்ற காட்டெருமை. எழுத்தர் பர்வதம் என்ற குரங்கு. தணிகாசலத்துக்கு வயிற்றில் நான்கு அறைகள். யார் மனு கொடுத்தாலும் வாங்கி வாயில் போட்டு முதல் அறைக்கு அனுப்பிவிடும். தோன்றும்போது மறுபடி வாய்க்கு எடுத்து மெல்லும். மென்று இரண்டாவது அறைக்கு அனுப்பும். நாலாவது அறையையும் தாண்டினால்தான் முடிவு. கோப்பு எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் பர்வதம் அதிகாரியின் விலாவில் காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சொல்லும்.

பொன்மாரி கரடியின் காதுமடலில் உட்கார்ந்து அலுவலகத்துக்கு வந்தது. பர்வதம் நாற்பத்தொரு கேள்விகள் உள்ள படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டது.

"அக்கா, இருபத்துமூணாவது கேள்விதான் இடிக்குது. நொதின்னு எழுதியிருக்கீங்களே, அது ஊழியரா, கருவியா, மூலப்பொருளா?"

"உள்ளே போகும். வேலையை முடிக்கும். போன மாதிரியே மாறாம வெளியே வரும்" என்றது பொன்மாரி.

பர்வதம் பேனாவைக் கடித்தது. "வேலை செய்யறதால மூலப்பொருள் இல்லை. சம்பளம் கேக்காததால ஊழியர் இல்லை. தானா வெட்டறதால கருவியும் இல்லை." அதிகாரியைத் திரும்பிப் பார்த்தது. "சார், என்ன எழுதட்டும்?"

"காலியாக விடு" என்றது தணிகாசலம். "பின்னர் முடிவு செய்யப்படும். மாதிரி எங்கே?"

பொன்மாரி பொடியைக் கொடுக்க முன்வந்தபோது, விதிப்படி செய்முறையின் நடுவிலிருந்து எடுத்த மாதிரிதான் வேண்டும் என்றது அதிகாரி. மறுநாள் பர்வதம் புற்றுக்கு வந்து, குழியில் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு தேங்காய்ச் சிரட்டையில் நீரை மொண்டுகொண்டது.

"பர்வதம், இதை உச்சிவெயிலுக்குள்ள பாறையில ஊத்திடணும். இல்லாட்டி கத்தரி வெட்டிக்கிட்டே இருக்கும்" என்று பொன்மாரி இரண்டு தரம் சொன்னது.

பர்வதம் தலையை ஆட்டியது. ஆனால் மாதிரியை ஊற்றச் சொல்லி விதியில் இல்லை. ஒரு சீட்டு ஒட்டி, நிழலான மாடத்தில் வைத்துவிட்டது. பத்தொன்பது நாள் கழித்துத்தான் அதிகாரிக்கு அதைப் பார்க்க நேரம் கிடைத்தது. அதற்குள் கத்தரிகள் எல்லாச் சங்கிலியையும் கடைசி மணிவரை வெட்டி முடித்திருந்தன. சிரட்டையில் எறும்புகள் வரிசை கட்டியிருந்தன. அதிகாரி நாக்கை விட்டுப் பார்த்தது.

"சர்க்கரைத் தண்ணீர்" என்றது.

உத்தரவு அன்றே தயாராயிற்று. சர்க்கரையை மருந்தென்று சொல்லிக் காட்டை ஏமாற்றிய குற்றத்துக்காகப் புற்றின் துவாரங்கள் அனைத்தையும் மூன்று நாளில் மண்ணால் அடைக்க வேண்டும். துவாரம் அடைபட்டால் புற்றுக்குள் காற்று வராது. காற்று இல்லாவிட்டால் சூட்டில் பூஞ்சைத் தோட்டம் கருகும். தோட்டம் கருகினால் நாற்பது லட்சம் பேருக்கும் சோறு இல்லை. படித்துக் காட்டும்போது பர்வதத்தின் குரல் இறங்கிவிட்டது. மாதிரியை ஊற்றாமல் வைத்தது தன் கைதான் என்று அதற்கு உறுத்தியது.

பொன்மாரியைவிட அதிகமாகக் கலங்கியது சடையாண்டிதான். அது நேராக அதிகாரியின் முன் போய் நின்றது.

"சார், புத்தை மூடிட்டா நான் எங்கே போவேன்? போறதே இல்லாமப் போயிடும் சார்."

"உணர்ச்சிவசப்படாதே. சோதனை முடிவு தெளிவாக இருக்கிறது."

"மறுசோதனை கேக்கறேன்" என்றது காதுமடலிலிருந்து பொன்மாரி. "இங்கேயே, உங்க கண்ணு முன்னாடி, ஒரே பகல்ல செஞ்சு காட்டறேன்."

மறுசோதனைக்கு விதியில் இடம் இருந்தது; அதன் முடிவு வரும்வரை புற்றை மூடவும் கூடாது. ஆனால் மூலப்பொருள் இந்த அலுவலகத்தில் ஏற்கெனவே பதிவான பொருளாக இருக்க வேண்டும். மக்காச்சோளத் தக்கை பதிவாகவில்லை. பதிவு செய்ய வேறு படிவம், அதற்கு ஒரு வருஷம்.

"இங்கே பதிவான பொருள் எதுதான் இருக்கு?" என்று கரடி கேட்டது.

பர்வதம் இருப்புப் புத்தகத்தைப் புரட்டியது. "படிவங்கள்தான். அச்சடிச்சு நாலு வருஷமா மாடம் நிறையக் கிடக்குது. யாரும் வாங்கலை."

பொன்மாரி ஒரு படிவத்தின் ஓரத்தைக் கடித்துப் பார்த்தது. "மூங்கில் கூழு. ஏற்கெனவே வேக வச்சது. தக்கையைவிட இது சுலபம்."

மறுநாள் காலை பத்து மணிக்கு வேலை ஆரம்பமாயிற்று. கரடி இருநூறு படிவங்களைக் கிழித்துத் தண்ணீரில் கரைத்தது. நூறு கறையான்கள் வாயில் ஏந்திவந்த நொதியை அதில் விட்டன. கதகதப்பான இடம் வேண்டுமே என்று தேடியபோது, அலுவலகத்திலேயே சூடான இடம் அதிகாரியின் வயிற்றடிதான் என்று தெரிந்தது. அதிகாரி எழுந்து யாரும் பார்த்ததில்லை. பாத்திரத்தை அங்கேயே தள்ளி வைத்தார்கள். தணிகாசலம் ஆட்சேபம் தெரிவித்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

காத்திருந்த நேரத்தில் பர்வதம் பொன்மாரியின் அருகில் வந்து மெல்லச் சொன்னது. "அக்கா, சாருக்கும் ஒரு மாசமா போகலை. நாலு அறையும் கோப்பா அடைஞ்சு கிடக்கு. மழமழப்பு அட்டை போட்ட மனுவை எல்லாம் முழுங்கிட்டாரு. மானம் பாத்துக்கிட்டு யார்கிட்டயும் சொல்லலை."

பொன்மாரி அதிகாரியின் உப்பிய விலாவைப் பார்த்தது.

மூன்று மணி ஆனபோது பொன்மாரி ஒரு சொட்டை ருசித்தது. "ஆச்சு. இப்பவே பாறையில ஊத்தணும்."

"இது நான் அசைபோடும் நேரம்" என்றது தணிகாசலம், கண்ணை மூடிக்கொண்டு. "நாலரைக்குப் பார்க்கலாம்."

"நாலரைக்கு இது சர்க்கரை, சார்."

"நாலரை."

பர்வதம் பாத்திரத்தைப் பார்த்தது. அதிகாரியைப் பார்த்தது. உத்தரவில்லாமல் அது அந்த அலுவலகத்தில் ஒரு காகிதத்தைக்கூட நகர்த்தியதில்லை. இப்போது குனிந்து, அதிகாரியின் வயிற்றடியிலிருந்து பாத்திரத்தை உருவிக் கரடியின் கையில் கொடுத்தது. கரடி பாறையின் மேலே ஏறி வெயிலில் ஊற்றியது. அதிகாரி ஒரு கண்ணைத் திறந்தது. அசைபோட்டுக்கொண்டிருந்ததால் அதட்ட முடியவில்லை.

பொடி காய்ந்ததும் அதிகாரி சோதனைக்காக ஒரு பிடி தின்றது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிடி தின்றது. ஐயம் தீர மீதியையும் தின்றது. முடிவு மூன்று நாளில் தெரிவிக்கப்படும் என்றது.

மூன்றாம் நாள் காலையில் முடிவு தெரிந்தது. காடு முழுவதற்கும் தெரிந்தது. ஆறு வருஷத்துக் கோப்புகள் அந்த அலுவலகத்திலிருந்து ஒரே நாளில் வெளியே வந்தன. கூடு கட்ட அனுமதி கேட்டிருந்த இருவாச்சிப் பறவைக்கு அனுமதி வந்தது. அதற்குள் அதன் குஞ்சுகள் பறந்துபோய்ப் பேரன் பேத்தி எடுத்திருந்தன. தணிகாசலம் எழுந்து நின்றது. எழுந்ததோடு நிற்காமல் நடக்கவும் செய்தது. உடம்பு இறகாக இருந்தது. இத்தனை தெம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யோசித்து, நிர்வாகம் செய்ய ஆரம்பித்தது.

ஒரே வாரத்தில் எண் எழுதாத வளைகளை மூடச் சொன்னது. கிளைக்கு மூன்று கூட்டுக்கு மேல் இருந்தால் கலைக்கச் சொன்னது. மான்கள் ஓடையில் தண்ணீர் குடிக்க நேரப்பட்டியல் போட்டது. பிறகு பொன்மாரியைக் கூப்பிட்டு அனுப்பியது.

"மூடும் உத்தரவை ரத்து செய்து உனக்கு அனுமதி வழங்க முடிவு செய்திருக்கிறேன்" என்றது மலர்ந்த முகத்தோடு. "முழு அனுமதி. நிபந்தனை ஒன்றுதான். அனுமதி பெற்ற இடத்தை ஆய்வாளர் வாரம் ஒரு முறை உள்ளே புகுந்து பார்ப்பார். ஆய்வாளராக அழுங்கை நியமித்திருக்கிறேன்."

உடம்பெல்லாம் செதில் மூடிய அழுங்கு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. கறையானையும் எறும்பையும் தவிர அது வேறெதையும் தின்பதில்லை. பொன்மாரியைப் பார்த்து நட்பாகத் தலையசைத்து, நீளமான நாக்கை ஒரு முறை வெளியே விட்டு உள்ளே இழுத்துக்கொண்டது.

பொன்மாரி அந்த நாக்கின் நீளத்தைக் கண்ணால் அளந்தது. ஆனால் குரலை விட்டுக்கொடுக்கவில்லை.

"ரொம்ப நன்றி, சார். ஆனா இருபத்துமூணாவது கேள்வி இன்னும் காலியா இருக்கே. நாளைக்கு யாராவது கேட்டா உங்களுக்குக் கெட்ட பேர் வந்திரும். நொதி ஊழியரா, கருவியா, மூலப்பொருளான்னு நீங்க தீர விசாரிச்சு எழுதணும். அதுவரைக்கும் தினமும் ஒரு மாதிரி அனுப்பி வைக்கிறேன்."

தணிகாசலம் அந்த நிமிஷமே முடிவெடுக்கிற தெம்பில்தான் இருந்தது. ஆனால் தினமும் மாதிரி என்ற சொல் அதன் காதில் நின்றது. "நியாயமான யோசனை" என்றது.

மறுநாளிலிருந்து மாதிரி போயிற்று. பாதி அளவு. நாலாம் நாள் அதிகாரி உட்கார்ந்தது. ஆறாம் நாள் அசைபோட ஆரம்பித்தது. வளைகளுக்கு எண் எழுதும் உத்தரவு பாதியில் நின்றது. மான்கள் மறுபடி தாகம் எடுத்தபோது தண்ணீர் குடித்தன. பொன்மாரியின் கோப்பை எடுத்து இருபத்துமூன்றாவது கேள்வியை ஒரு தரம் படித்துவிட்டு, அதிகாரி அதை வாயில் போட்டுக்கொண்டது. கோப்பு இரண்டாவது அறையில் இருக்கிறது என்று பர்வதம் விலாவில் காது வைத்துச் சொல்கிறது. பரிசீலனையில் இருக்கும் புற்றை யாரும் மூட முடியாது. உள்ளே புகுந்து ஆய்வு செய்யவும் முடியாது. அழுங்கு ஒரு மாதம் காத்திருந்துவிட்டு வேறு காட்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போயிற்று.

இப்போது அந்தக் காட்டில் எல்லாருக்கும் வயிறு பரவாயில்லை. சடையாண்டி மூன்று நாளைக்கு ஒரு தரம் புதருக்குப் போகிறது. தணிகாசலம் மாதத்துக்கு ஒரு கோப்பை வெளியே விடுகிறது. அதிகமாக வெளியே விட்டால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டதால், காட்டில் யாரும் அதைக் குறை சொல்வதில்லை.

ஒரு நாள் மாதிரி வாங்க வந்த பர்வதம் வெகுநேரம் தயங்கிவிட்டுக் கேட்டது.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. முழுசாக் குணமாக்க உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றது பொன்மாரி.

"அப்புறம் ஏன்?"

"ரெண்டு தரம் செஞ்சு பாத்தாச்சு" என்று சொல்லிவிட்டு, பொன்மாரி ஒரு சொட்டை எடுத்து ருசி பார்த்தது.

நீதி: எடுத்த காரியம் எதையும் பாதியில் நிறுத்திவிடுங்கள். முழுதாக முடித்தால் ஒன்று அது வெறும் சர்க்கரையாகிவிடும், இல்லையென்றால் குணமாகி, பசியெடுத்து, நன்றி சொல்லிக்கொண்டே உங்களைத் தின்ன வந்துவிடும்.